இருபத்தெட்டாவது பெட்டி

சரக்கு ரயில் போகும்போது பெட்டிகளை எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. மனசுக்குள் எண்ணவும் வராது. வாய்விட்டு எண்ணினால்தான் எண்ணிய மாதிரி இருக்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவேன். எனக்குப் பெண் பார்க்கப் போன வீடு மும்பை பாண்டுப்பில் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. காப்பித் தட்டோடு பெண் வந்து நின்ற நேரம் பார்த்து ஒரு சரக்கு வண்டி வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நாற்பத்து மூன்று வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் தம்ளரை எடுத்தேன். "மாப்பிள்ளைக்கு ரயில்வேயிலயா வேலை?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். இல்லை, ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் தபால் பிரிவு என்றேன். அப்படியும் பெண் கொடுத்தார்கள். அந்தப் பெண் இன்றைக்கும் கோபம் வந்தால் சொல்வது ஒன்றுதான்: "அந்த ரயில் கடைசில போன கார்டு டப்பாவுக்கே தாலியக் கட்டியிருக்கலாம். அதுவாவது உங்களப் பாத்து பச்சைக்கொடி காட்டியிருக்கும்."

லோக்கல் ரயிலில் முப்பது வருஷமாகப் போய்வருகிறேன். அதை ரசிக்க வழியில்லை. அதில் நாமே சரக்கு. சரக்கு ரயிலுக்கு அவசரம் கிடையாது. யாருடைய முதுகிலும் விரலால் குத்தி "உதர்னா ஹை க்யா?", இறங்கணுமா என்று கேட்காது. தானுண்டு, தன் பாரமுண்டு என்று அது பாட்டுக்குப் போகும். அந்தக் குணத்தில் பாதி எனக்கு இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். நினைப்பதற்குள் வண்டி போயே போய்விடும்.

செம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷம் நடந்தால் ஒரு சரக்குப் பாதை. பயணிகள் வண்டி எதுவும் அதில் வராது. பாதையை ஒட்டி ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் சாலில் கடைசி அறை மதினியுடையது. அறைக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை போட்ட ஷெட். அதில்தான் இட்லி அவிப்பார். ஷெட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஓர் இடுப்புயரச் சுவர். விடியற்காலையில் நான்கு பேர் சைக்கிளில் வந்து அண்டாக்களில் இட்லியை அடுக்கிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி கிளம்பிப் போவார்கள். அவர்கள் போன பிறகு, ஆபீசுக்குக் கிளம்புமுன் நான் போய் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவேன். இட்லி தின்றுகொண்டே பெட்டி எண்ண மும்பையில் அதைவிட நல்ல இடம் இல்லை.

மதினி எனக்கு ரத்த உறவு இல்லை. தாராவியில் இரண்டு குடும்பமும் ஒரே சந்து. அவருடைய வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் இவர் மதினி ஆனார். மதினி ஆனதால், கொழுந்தனை என்ன வேண்டுமானாலும் சொல்லும் உரிமை தானாக வந்துவிட்டது. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. அண்ணன் காலமான பிறகு அந்த ஷெட்டை வைத்துத்தான் மதினி இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். ஷெட்டுக்கு நடுவில் ஆள் உயரத்தில் பாதி இருக்கும் கிரைண்டர், நகர்த்த முடியாதபடி சிமெண்டில் பதிந்து நின்றது. "என்னையத் தூக்குனாலும் தூக்கலாம், அதைத் தூக்க முடியாது" என்பார்.

போன மழைக்காலத்தில் நான்கு நாள் விடாமல் கொட்டி, ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. காலை எட்டு மணி இருக்கும். என் இரண்டாவது இட்லியில் இருந்தேன். மூடிய பெட்டிகள் கோத்த ஒரு வண்டி மெதுவாக வந்தது. எண்ண ஆரம்பித்தேன். இருபத்தேழாவது பெட்டி லேசாக ஒரு குதி குதித்தது. அதன் பின்னால் வந்தது தண்டவாளத்தை விட்டே இறங்கிவிட்டது. சரளைக் கல்லை வாரி இறைத்துக்கொண்டு, மரம் முறிகிற சத்தத்தோடு கொஞ்ச தூரம் உழுதுகொண்டே வந்து, எங்கள் பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரும் ஓடினார்கள்.

நான் "இருபத்தெட்டு" என்றேன்.

மதினி ஒரு கையில் இட்லிப் பாத்திரத்தையும் இன்னொரு கையில் என் சட்டைக் காலரையும் பிடித்துத் தெரு வரைக்கும் இழுத்துக்கொண்டு ஓடினார். எந்தக் கை முதலில் நீண்டது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாத்திரத்துக் கைதான்.

வண்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. பின்னால் இருந்த இருபத்தொன்பதும் இறங்கித்தான் இருந்தது, ஆனால் நிமிர்ந்து நின்றது. இருபத்தெட்டின் மேல்விளிம்பு மட்டும் மதினியின் தகரக் கூரைக்குமேல் வந்து, நான்கு விரல் இடைவெளியில், கடைக்குள் எட்டிப்பார்க்கிற கடன்காரனைப் போல நின்றது. அதன் கதவிடுக்கில் கிழிந்த மூட்டையிலிருந்து உரம் வெள்ளைக் குருணையாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஜவ்வரிசி மாதிரியில்லா இருக்கு" என்றேன்.

"ஆமா. அள்ளிக் கொண்டுபோயி வீட்ல பாயாசம் வைக்கச் சொல்லும். எண்ணுத தொல்லை அத்தோட ஒழியும்." சொல்லும்போதே மதினியின் கண் கூரையிலேயே இருந்தது.

ஆபீசுக்குப் போன் போட்டேன். "ரயில் தடம் புரண்டுவிட்டது சார், வர முடியாது" என்றேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. லோக்கல் எல்லாம் நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன என்பதை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரத்துக்குள் மறுபக்கத்துத் தண்டவாளத்தில் மீட்பு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் முதலில் ஒரு கயிற்றைக் கட்டி எங்களை எல்லாம் அதற்குப் பின்னால் தள்ளினார்கள். மதினியின் கேஸ் சிலிண்டரை வெளியே கொண்டுவந்தார்கள். கூட்டத்துக்குத் தலைவராக வந்தவரை எல்லோரும் முகாதம் என்று கூப்பிட்டார்கள். குள்ளமான மனிதர். சட்டைப் பையில் ஒரு விசில்கூட இல்லை. வந்ததும் அவர் ஒன்றையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சாய்ந்த பெட்டியை மூன்று முறை சுற்றிவந்தார். நான்காவது முறை குந்தி உட்கார்ந்து, சக்கரத்துக்கு அடியில் இருந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தார்.

"மாவுப் பதம் பாக்க மாதிரில்லா பாக்காரு" என்றார் மதினி. "வேலை தெரிஞ்ச ஆளுதான்."

ஆனால் முடிவு சொல்லும் ஆள் அவர் இல்லை போலிருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மேலதிகாரி வந்தார். அவருக்குப் பின்னாலேயே ஒரு ஜேசிபி வந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கையால் காற்றைத் துடைக்கிற மாதிரி ஒரு சைகை செய்தார். அந்த ஷெட்டைப் பிரித்துவிட்டால் வேலை செய்ய இடம் கிடைக்கும், ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றார்; நியாயமான பேச்சுதான். நஷ்டஈடு உண்டு என்றும் சொன்னார். மதினிக்கு இந்தி தாராளமாகப் புரியும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மதினிக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அன்றுதான்.

முகாதம் கயிற்றைத் தாண்டி வந்து ஷெட்டுக்குள் எட்டிப்பார்த்தார். சிமெண்டில் பதித்த கிரைண்டர், பக்கத்தில் மூன்று பெரிய அண்டாக்களில் மறுநாளுக்கான மாவு. அதிகாரியிடம் திரும்பி, தொடாமலே எடுத்துவிடுகிறேன், நான்கு மணி வரை கொடுங்கள் என்றார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணி, அதற்குமேல் ஒரு நிமிஷம் இல்லை என்றார். ஜேசிபிக்காரர் என்ஜினை அணைத்துவிட்டு, அந்த இடத்திலேயே காலை நீட்டித் தூங்கிப்போனார்.

முதலில் மூட்டைகளை இறக்கினார்கள். தலையில் துணிச் சும்மாடு வைத்த இருபது பேர் வரிசையாக வந்தார்கள். எனக்கு அங்கேயே ஒரு யோசனை தோன்றியது. முப்பது வருஷமாகச் சரக்கு ரயில் பார்க்கிறவன் இல்லையா? கூரைப் பக்கத்துக் கதவைத் திறந்தால் மூட்டைகள் கைக்கு எட்டுமே, எதற்குச் சுற்றிப் போகிறார்கள்? கயிற்றுக்கு மேலாகக் குனிந்து முகாதமிடம் என் இந்தியில் இதை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆப் கோன்?" என்றார். நீங்கள் யார் என்று.

யோசித்துப் பார்த்தேன். தபால் பிரிவு என்று சொல்ல வாய் வரவில்லை. "தேக்னேவாலா" என்றேன், பார்க்கிறவன்.

"அச்சா. தேகோ." நல்லது, பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பார்த்தேன். அவர்கள் எதிர்ப்பக்கக் கதவு வழியாக ஏறி, உள்ளே சாய்ந்த பக்கம் போய், அங்கிருந்த மூட்டைகளைத்தான் முதலில் எடுத்தார்கள். அந்தப் பக்கம் பாரம் குறையக் குறைய, கூரைமேல் இருந்த விளிம்பு ஒரு விரற்கடை மேலே போனது. நான் சொன்ன கதவைத் திறந்திருந்தால் மொத்த மூட்டையும் சரிந்து கூரைமேல் விழுந்திருக்கும். மதினி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாய்ந்த பெட்டியை மறுபக்கத்தில் நின்ற மீட்பு வண்டியின் என்ஜினோடு இரும்புக் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். பெட்டியின் ஒரு முனையில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஜாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பம்ப், பம்புக்கு ஓர் ஆள். மற்றவர்கள் கையில் மரக்கட்டைகளோடு மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். எல்லோரும் குனிந்து தண்டவாளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முகாதம் கையைத் தூக்கினார். "ஆவாஸ் ஏக் ஹோகி. மேரி." ஒரே ஒரு குரல்தான், அது என்னுடையது.

"உடாவ்" என்பார். இரண்டு பம்பும் ஒன்றாக இயங்கும். பெட்டி ஒரு விரற்கடை எழும். "பஸ்" என்பார். நிற்கும். உடனே கட்டைக்காரர்கள் எழும்பிய இடைவெளியில் ஒரு கட்டையைச் செருகுவார்கள். பிறகு மறுபடி "உடாவ்". ஒரு விரற்கடை, ஒரு கட்டை. வீடு அளவு இரும்பைக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல எடுத்தார்கள். கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக வளர்ந்தன. ஒருவரும் ஒருவரிடமும் பேசவில்லை. எனக்குப் புல்லரித்தது. புல்லரித்தபோது சும்மா இருந்திருக்கலாம்.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. பெட்டி எழும்பும்போது மேல்விளிம்பு கூரையை நெருங்குகிற மாதிரி என் கண்ணுக்குப் பட்டது. இப்போது யோசித்தால் தெரிகிறது, நான் நின்ற கோணம் அப்படி. அப்போது தெரியவில்லை. மதினியின் கிரைண்டர் என் கண் முன்னால் நசுங்கியது. "ஏய், போதும் போதும்! நிப்பாட்டு!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

ஒரு பம்ப் மட்டும் நின்றது. எதிர்ப்பக்கத்துப் பம்ப் நின்றிருந்தால் பெட்டி நிமிர்ந்திருக்கும். என் அதிர்ஷ்டம், நின்றது எங்கள் பக்கத்துப் பம்ப்தான் என்று பிறகுதான் புரிந்தது. மறுபக்கம் மட்டும் எழும்ப, பெட்டி ஒரு முனகலோடு கூரையைப் பார்த்து இறங்கியது.

டொப்.

கட்டையின்மேல் உட்கார்ந்தது. ஒரு விரற்கடைதான் இறங்கியிருந்தது. கூரைக்குமேல் இன்னும் ஒரு சாண் மிச்சம்.

முகாதம் தூக்கிய கையை இறக்கவில்லை. எல்லோரும் அப்படியே உறைந்து நின்றார்கள். பிறகு அவர் எங்கள் பக்கத்துப் பம்புக்காரரிடம் போய் ஏதோ கேட்டார். நெற்றியில் கைக்குட்டை கட்டிய ஒல்லியான ஆள். காலையிலிருந்து வாயைத் திறந்தால் மராட்டிதான் வந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு கயிற்றுப் பக்கம் வந்து, திருநெல்வேலித் தமிழில் கேட்டார்:

"யாரு அண்ணாச்சி சத்தம் போட்டது?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். மதினி முதலில் காட்டினார்.

"பத்து வருசமா இந்த வேலை பாக்கேன் அண்ணாச்சி" என்றார் பம்புக்காரர். கோபம்கூட இல்லை, அழுகை மாதிரிதான் இருந்தது. "சனங்க கத்தும், ஹாரன் அடிக்கும், ஒண்ணும் காதுல ஏறாது. முகாதம் குரல் மட்டுந்தான் ஏறும். ஆனா தமிழ்ல எவனும் இதுவரைக்கும் எனக்கு வேலையில அதட்டுனதில்ல. எங்கம்மா வீட்டுக்குள்ளருந்து கத்துன மாதிரி இருந்துச்சு. கை தானா நின்னுட்டு."

"எந்த ஏரியாய்யா நீ?" என்றார் மதினி.

"தாராவிதான்க்கா."

"ஐயோ, நம்ம புள்ளையா!" மதினியின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அடுத்த நொடி என் பக்கம் திரும்பியது. "ஏ கொழுந்தனாரே, நாப்பது பேரு இருக்காங்க இங்க. நம்ம புள்ளை ஒண்ணே ஒண்ணு. அதையும் கெடுக்கணும்னு ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வந்தீராக்கும்?"

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. நான்கு நாள் மழையில் மண்ணும் வசதியாகத்தான் இளகியிருந்தது. அதிகாரி ஜேசிபியைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார். ஜேசிபிக்காரரை யாரோ தட்டி எழுப்பினார்கள். மதினி கூரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். என் வாயால் போகப்போகிற ஷெட்டில்தான் என் இரண்டாவது இட்லி பாதி தின்றபடி கிடந்தது.

முகாதம் அதிகாரியின் குறுக்கே போய் நின்றார். கட்டை அடுக்கைக் காட்டினார். அவர் பேசியது எங்களுக்கும் கேட்டது. "இது எதுக்கு சாப்? ஜாக்கி சதி பண்ணும், மழை வரும், ஆள் தும்முவான். எது நடந்தாலும் வண்டி ஒரு விரல்தான் இறங்கணும். அதுக்குத்தான் கட்டை." பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "ஆப் ஜைசே லோகோங் கே லியே."

உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். அதை அவர் குத்திக்காட்டுவதற்குச் சொல்லவில்லை. சக்கரத்துக்கு எண்ணெய் வேண்டும் என்று சொல்கிற தொனி. அவருடைய தொழிலில் என்னை மாதிரி ஒருவன் எப்படியும் வருவான். எப்போது, எந்தப் பாஷையில் என்பது மட்டும்தான் தெரியாது. அவனையும் சேர்த்து யோசித்துத்தான் முதலிலிருந்தே ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒரு கட்டை வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கத்துவதற்கு வெகு முன்பே என் முட்டாள்தனத்துக்கு அடியில் கட்டை கொடுத்த மனிதர்களை வேறு எங்கே பார்ப்பது?

அதிகாரி யோசித்தார். அரை மணி கூடுதல், ஆனால் அந்த ஆளை அப்புறப்படுத்துங்கள் என்றார்.

"எங்க அனுப்பினாலும் அங்க நின்னு கத்துவாரு" என்று மதினி இந்தியிலேயே சொன்னார். "இவர் வாயை நான் பாத்துக்கிடுதேன்."

காலையில் காலரோடு காப்பாற்றிக் கொண்டுவந்த இட்லிப் பாத்திரம் அவர் இடுப்பில் இருந்தது. மூடியைத் திறந்தார். ஒரு முழு இட்லியை எடுத்து, "ஆ காட்டும்" என்றார்.

"மதினி, சட்னி..."

"ஆ."

ஆறிப்போன இட்லி. உள்ளே போன பிறகு மூச்சு விடலாம், பேச முடியாது. முகாதம் என்னைப் பார்த்தார். கன்னம் இரண்டும் உப்பியிருப்பதை உறுதி செய்துகொண்டு கையைத் தூக்கினார். "உடாவ்."

அதற்குப் பிறகு அது வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. கட்டைக்காரர்கள் தயாரா, பம்புக்காரர்கள் தயாரா என்று பார்த்துவிட்டு முகாதம் கயிற்றுப் பக்கம் பார்ப்பார். மதினி ஓர் இட்லியைச் செருகித் தலையை ஆட்டுவார். பிறகுதான் குரல். மூன்றாவதிலேயே தொண்டையை அடைத்தது. தண்ணீர் கேட்டுச் சைகை காட்டினேன். "தண்ணி குடிச்சா எறங்கிரும். எறங்கிட்டா நீரு கத்துவீரு" என்றார். மூன்று பேர் சிரித்தார்கள்; முகாதம் கையைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டார்கள். பெட்டி விரற்கடை விரற்கடையாக நிமிர்ந்து, கூரையை விட்டு விலகி, மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது. பிறகு ஒவ்வொரு கட்டையாக உருவினார்கள். ஏழாவது இட்லியில் சக்கரம் தண்டவாளத்தைத் தொட்டது. "டங்" என்று ஒரு சத்தம், கோயில் மணியை விரலால் சுண்டியது போல.

யாரும் கைதட்டவில்லை. கட்டைகளைத் துடைத்து அடுக்க ஆரம்பித்தார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், முகாதமின் தோளைத் தட்டினார். ஜேசிபிக்காரர் மறுபடி காலை நீட்டினார். நிமிர்ந்து நின்ற இருபத்தொன்பதை ஏற்றி முடிக்க அவர்களுக்கு முக்கால் மணிகூட ஆகவில்லை. உதிர்ந்த உரத்தை மண்வெட்டியால் வழித்துச் சாக்கில் போட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் உடைந்திருந்த குறுக்குக் கட்டைகளை மாற்றி, சரளையைக் குத்தி இறுக்கினார்கள்.

மதினி ஷெட்டுக் கதவைத் திறந்தபோது மாவு மூன்று அண்டாவிலிருந்தும் பொங்கி வழிந்து தரையில் வெள்ளையாக ஊர்ந்துகொண்டிருந்தது. கிரைண்டர் மேல் ஒரு தூசி இல்லை. அதைக் கையால் ஒரு தடவு தடவிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "சிலிண்டரக் கொண்டாரும்" என்றார். புளித்த மாவில் வெங்காயம் போட்டு ஊத்தப்பம் வார்க்க ஆரம்பித்தார். நாற்பது பேருக்கு. பம்புக்காரருக்கு மட்டும் நெய் ஊற்றினார். முகாதம் நின்றுகொண்டே தின்றார். கண் மட்டும் புதிதாக இறுக்கிய சரளையிலேயே இருந்தது.

தடம் புரண்ட வண்டியை இழுத்துக்கொண்டு போன பிறகு, பொழுது சாய்வதற்குள் அடுத்த வண்டியை விட்டார்கள். நடக்கிற வேகத்தில் வந்தது. கூட்டம் முழுவதும் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுப் பாதைக்கு இருபக்கமும் குந்தி உட்கார்ந்தது. யாரும் பெட்டியைப் பார்க்கவில்லை. எல்லோரும் சக்கரத்தைப் பார்த்தார்கள். நானும் அவர்களோடு குந்தினேன். ஒவ்வொரு சக்கரமும் அந்த இடத்துக்கு வரும்போது தண்டவாளம் மூச்சு விடுவது போலக் கொஞ்சம் தாழ்ந்தது, சக்கரம் போனதும் எழுந்தது. தாழ்ந்தது, எழுந்தது. இத்தனை வருஷம் சரக்கு ரயில் பார்த்தும் இதை நான் பார்த்ததே இல்லை.

பின்னால் ஒரு குரல் கேட்டது. "பதினொண்ணு... பன்னெண்டு..." தோசைத் திருப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மதினி எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வந்தபோது குரல் நின்றது. பெட்டி தகரக் கூரையைத் தாண்டி ஒழுங்காகப் போனதைப் பார்த்துவிட்டு, "இருவத்தெட்டு" என்று அழுத்திச் சொல்லித் தொடர்ந்தார்.

கடைசியில் கார்டு டப்பா போனது. "நாப்பத்திரெண்டு" என்றார். "சரிதானா கொழுந்தனாரே?"

நான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எண்ணவே இல்லை. சரிதான் என்று தலையாட்டினேன்.

"அண்ணாச்சி" என்றார் பக்கத்தில் குந்தியிருந்த பம்புக்காரர், சரளையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "வண்டி போயிட்டு. இப்பம் கத்திக்கிடலாம்."